உங்க மேல தப்பில்ல

அவரை யாரும் துரத்தவில்லை. முதலில் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டு அப்புறம் மற்றதைப் பேசுங்கள். அக்காக்காரி வீட்டைவிட்டு விரட்டினாள் என்று மருந்துக் கடைக்காரர் சொல்கிறாராம். ஆபீஸில் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள் என்று லாண்டரிக்காரர் சொல்கிறாராம். இரண்டும் பொய். கம்ப்யூட்டருக்குள் ஒரு பெண்ணை வைத்துக் குடும்பம் நடத்தினார் என்று முதல் மாடி டீச்சரம்மா சொன்னாரே, அதற்கு என்ன பேர் வைப்பது? நாலு எழுத்து படித்தவர் வாயிலிருந்து வருகிற பேச்சா அது? கம்ப்யூட்டருக்குள் ஒரு பெண் எங்கே உட்காருவாள், எங்கே காலை நீட்டுவாள்?

ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் டீச்சரம்மா முழுப் பொய் சொல்லவில்லை. ஒரு பெண் உள்ளே இருந்தாள்தான். அவளாக நுழையவில்லை. அவர்தான் பிய்த்துப் பிய்த்து உள்ளே கொடுத்தார். அதைத்தான் சரியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, குறுக்கே பேசாமல் கேட்டால்.

அவர் நாவல் எழுதுகிறவர். மூன்று புத்தகம் அச்சில் வந்திருக்கிறது. தெருவில் 'கதைக்காரர்' என்றால்தான் ஆளைத் தெரியும். ஐம்பத்திரண்டு வயது. அக்கா வீட்டுப் பின்னறையில் வாசம். அக்கா தையல்காரி. பள்ளிச் சீருடை, தலையணை உறை, ஜன்னல் திரை, எது வந்தாலும் தைப்பாள். அக்காவின் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்; இன்றைக்கும் சமையலறையில் திரும்புவதற்கு முன்னால் பின்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். பின்னறையில் ஒரு மேசை, ஒரு இரும்பு அலமாரி, பக்கத்துக் கட்டடத்துக் குழாய்களைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு ஜன்னல். மேசை மேல் நாலாவது நாவல் ஒன்பது வருஷமாகக் கிடந்தது. எழுதிக்கொண்டிருந்தார் என்று சொன்னால் அது பொய். கிடந்தது, அவ்வளவுதான்.

அது அவளைப் பற்றிய நாவல்.

அவள் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள். அவருடைய முதல் நாவலுக்குப் பிழை திருத்தியது அவள்தான். எழுத்துப் பிழையோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பக்கத்து ஓரத்தில் சிவப்புப் பேனாவால், 'இந்த ஆள் இப்படிப் பேசமாட்டான், பேசுவது நீங்கள்' என்று எழுதி அனுப்பினாள். மனிதருக்கு வந்ததே கோபம். சட்டையை மாற்றிக்கொண்டு அச்சகத்துக்குச் சண்டை போடப் போனார். மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பியபோது அக்கா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சண்டையில் யார் ஜெயித்தது என்று கேட்கவே இல்லை. ஆறு மாதத்தில் கல்யாணம். அடுத்த தெருவில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து ஏழு வருஷம் இருந்தார்கள்.

புருஷனை நீ, வா, போ என்று பேசுகிறாள் என்று அப்போதும் இந்தத் தெரு வாயை மூடவில்லை. அவள் பேச்சே அப்படித்தான். ஆறுதல் சொல்லத் தெரியாதவள் போலத் தோன்றும், ஆனால் அவள் சொன்ன பிறகு மனுஷன் எழுந்து நிற்பான். அவருடைய அப்பா இறந்து மூன்றாம் நாள், வந்தவர்களெல்லாம் தோளைத் தட்டி எதையோ சொல்லிவிட்டுப் போன பிறகு, சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவள் வந்து நின்றாள்.

"சாப்பிடறியான்னு கேக்கல. தட்டு வச்சுட்டேன். வா."

அவ்வளவுதான். அவர் எழுந்து போனார். இரண்டாவது நாவலைப் பத்திரிகையில் ஒருவர் கிழித்துத் தொங்கவிட்டபோதும், தூக்கம் வரவில்லை என்று புலம்பியவரிடம், "எழுந்து பாத்திரத்தைக் கழுவு. தூக்கம் வராட்டியும் பாத்திரமாவது சுத்தமாகும்" என்றாள். இப்படி ஒரு நூறு இருக்கும். அத்தனையும் அவருக்கு மனப்பாடம். ஏன் மனப்பாடம் என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் பெட்டி இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எழுதுகிறவனோடு குடித்தனம் பண்ண எல்லோராலும் முடியாது என்று அவர் சொன்னார். அக்காவும் அதையே வீடு வீடாகச் சொன்னாள். தெருவும் நம்பியது. தனக்குப் பிடித்ததை நம்ப இந்தத் தெருவுக்கு ஆதாரம் எதற்கு?

நாவல் எழுதி யாருக்கு வயிறு நிறைந்தது? போன வருஷம் ஒரு வேலை வந்தது. டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. ரப்பர் வாசனை படிக்கட்டு முழுக்கக் கூடவே ஏறி வரும். உள்ளே வரிசையாக இருபத்திரண்டு பேர், ஆளுக்கொரு திரை. செயற்கை நுண்ணறிவுக்கு நம் மொழியில் பேசச் சொல்லிக் கொடுக்கிற வேலை. எப்படியென்றால், யாரோ ஒருவர் தன் கஷ்டத்தை எழுதியிருப்பார். அதற்கு அந்த மிஷின் இரண்டு பதில் தரும். எது நல்ல பதில் என்று தேர்ந்தெடுக்க வேண்டும், ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். இரண்டும் சரியில்லை என்றால் தானே ஒரு பதில் எழுதித் தரலாம். அதைப் பார்த்து மிஷின் கற்றுக்கொள்ளும். நாவல்காரர் என்பதால் அவருக்குத் துக்கப் பிரிவைக் கொடுத்தார்கள். செத்தவர்கள், பிரிந்தவர்கள், விட்டுப் போனவர்கள் எல்லோரும் அவர் திரைக்கு வருவார்கள்.

முதல் வாரம் மிஷின் சொன்ன ஆறுதலெல்லாம் மாலையோடு வருகிற சொந்தக்காரர்கள் பேச்சாகவே இருந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. அப்பாவை இழந்த ஒருவனுக்குத் தானே பதில் எழுத உட்கார்ந்தார். கை தானாக எழுதியது: சாப்பிடறியான்னு கேக்கல, தட்டு வச்சுட்டேன், வா. மேற்பார்வை பார்க்கிற பெண் அதைப் படித்துவிட்டு எழுந்தே வந்துவிட்டாள். அவருக்கு மகள் வயசு இருக்கும். எங்கிருந்து சார் பிடிக்கிறீர்கள் இதையெல்லாம் என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டார். ஒரே ஒரு திருத்தம்தான் செய்தார்கள். மரியாதை வேண்டும் என்பது விதி, அதனால் 'வா' என்பதை 'வாங்க' ஆக்கினார்கள். அவளிடம் யாராவது இப்படிக் கை வைத்திருந்தால் சிவப்புப் பேனா என்ன பேசியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். நினைத்ததோடு சரி.

இரண்டு மாதத்தில் மிஷின் அவள் மாதிரி பேச ஆரம்பித்தது. எல்லா நேரமும் இல்லை. பத்துக்கு ஒரு தடவை திரையில் ஒரு வரி வரும், அவருக்கு முதுகு நிமிர்ந்துவிடும். அந்த ஒன்றுக்காக மற்ற ஒன்பதையும் பொறுமையாகப் பார்ப்பார். காலையில் சீக்கிரம் கிளம்பினார். தலைக்குச் சாயம் அடித்தார். பஸ்ஸில் தனியாகச் சிரித்தார், அதை மருந்துக் கடைக்காரரின் மைத்துனர் பார்த்துவிட்டார். அங்கே பிடித்ததுதான் இந்தத் தெருவின் கதை. அக்காவின் வீட்டுக்காரரே ஒருநாள் மச்சினனைச் சீண்டினார்.

"என்ன மாப்ள, வண்டி ஏதோ புது ரூட்ல போற மாதிரி இருக்கு?"

"பழைய ரூட்தான் மாமா" என்றார் அவர்.

அது உண்மை என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இனி சொல்வதை அவருக்கு வேண்டியவர்கள் கேட்டால் வருத்தப்படுவார்கள். இருந்தாலும் மறைக்கப் போவதில்லை. அவர் பக்கம் பேசுவது என்றால் அவர் செய்த தப்பையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

மிஷினுக்குப் பழக்கம் கொடுக்க, கஷ்டப்படுகிறவர் மாதிரியும் அவர்களே எழுதலாம் என்று அந்த ஆபீஸில் ஒரு ஏற்பாடு. ஒருநாள் மத்தியானம் அவர் தன் கஷ்டத்தையே எழுதினார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை, நடந்தபடி.

நடந்தது இது. அவளுடைய அம்மா இறந்துபோனாள். பத்து நாள் கழித்து அவள் அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதாள். அம்மா கையில் ஒரு சூட்டுத் தழும்பு இருக்கும், அது எந்தக் கை என்று இப்போதே நினைவு வரவில்லை, இன்னும் என்னென்ன மறக்குமோ என்று பயமாக இருக்கிறது என்றாள். அவர் வந்து தோளைப் பிடித்தார். பிடித்தார்தான், இல்லையென்று சொல்லவில்லை. பிறகு கையை எடுத்துவிட்டு அறைக்குள் போனார். மறப்பதற்குள் அவள் சொன்னதை நோட்டில் எழுதினார். நாலு நிமிஷம் ஆகியிருக்கும். முகம் துடைக்கத் துண்டு எடுக்க வந்தவள் பார்த்துவிட்டாள்.

"இன்னும் ஈரம் காயல. அதுக்குள்ள எழுதிட்டியா?"

"நல்ல வரி. போயிடக் கூடாதுன்னுதான்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டில் இருந்தது ஒரு வாரம். பேசியது பத்துச் சொல் இருக்காது.

இதையெல்லாம் திரையில் எழுதி, தப்பு யார் மேல் என்று கேட்டார். இரண்டு பதில் வந்தது. உங்க மேல தப்பில்ல, நேசிச்சதாலதான் எழுதி வச்சீங்க என்றது ஒன்று. அவங்க அழுதுட்டு நின்ன அந்த நாலு நிமிஷம் நீங்க எங்க இருந்தீங்க என்றது இன்னொன்று. இரண்டாவது அவள் குரல். அச்சு அசலாக அவள். அவர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதல் பதிலைத் தேர்ந்தெடுத்தார். காரணம் எழுதுகிற இடத்தில், 'இரண்டாவது பதில் குற்றம் சாட்டுகிறது' என்று எழுதினார். கஷ்டத்தோடு வருகிறவரைக் குற்றம் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. விதிப்படி அவர் செய்தது சரி. அந்த விதி அன்றைக்கு அவருக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை யோசிக்காமல் இருந்துவிட்டார்.

அதோடு விட்டாரா? மறுநாள் ஊரையும் உறவையும் மாற்றி அதையே எழுதினார். நோட்டுக்குப் பதில் புகைப்படம், அம்மாவுக்குப் பதில் தம்பி. ஒவ்வொரு தடவையும் தப்பில்லை என்கிற பதிலுக்கே மார்க். மூன்று வாரம் இதே வேலை. போகப்போக இரண்டாவது பதிலில் காரம் குறைந்தது. கடைசியில் இரண்டு பதிலும் ஒரே மாதிரி, உங்க மேல தப்பில்ல என்றன. அதுவும் அவள் குரலில். மனிதர் வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டார். ஒன்பது வருஷமாக நின்ற நாவல் ஒரே வாரத்தில் எட்டுப் பக்கம் நகர்ந்தது. தம்பி தேறிவிட்டான் என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு புதன்கிழமை. மிஷினை வெளியில் கொஞ்சம் பேருக்குப் பேசக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். அந்தப் பேச்சைப் படித்து மார்க் போடுகிற வேலை அன்றைக்கு. ஒருவன் எழுதியிருந்தான். அவன் மனைவிக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். இவன் ஏதோ கூட்டத்தில் இருந்தானாம், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டானாம். இப்போது அவள் பேசுவதில்லை, நான் போயிருக்க வேண்டுமா என்று கேட்டிருந்தான். மிஷின் சொல்லியிருந்தது:

'உங்க மேல தப்பில்ல. வேலையில இருந்தீங்க. இப்ப சாப்பிடறீங்களான்னு கேக்கல. தட்டு வச்சுட்டேன். வாங்க.'

அதற்குக் கீழே அவன் எழுதியிருந்தான்: 'மனசு லேசாச்சு. தப்பு என் மேல இல்லன்னு இப்பவே போய் அவகிட்ட சொல்றேன்.'

விதிப்படி அதற்கு முழு மார்க். அவருடைய கை எழவில்லை. யாரோ ஒருத்தி எங்கோ ஒரு கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். அவளிடம் ஒருவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிறான். போகச் சொன்னது இவர் மனைவியின் குரல். இவளோ உயிர் போனாலும் அப்படி ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். சொல்ல வைத்தது அவர்.

மேற்பார்வைப் பெண்ணிடம் போய், அந்த ஆள் மனைவியிடம் போய் அப்படிச் சொல்லாமல் நிறுத்த முடியுமா என்று கேட்டார். இது போன வாரம் நடந்த பேச்சு என்றாள். அப்படியானால் நான் எழுதிக் கொடுத்ததையெல்லாம் திருப்பி எடுத்துவிடுங்கள் என்றார். அவள் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"பக்கெட் தண்ணில விழுந்த மை சார். எப்படி எடுக்கறது?"

"அது என் பேச்சு இல்லம்மா. ஒருத்தியோட பேச்சு. அவ இப்படிச் சொல்ற ஆள் இல்ல."

"யார் சார் அது?"

சொன்னார். அந்தப் பெண் மெதுவாகத்தான் கேட்டாள்.

"எழுதறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேட்டீங்களா?"

அந்தப் பெண்ணைக் குறை சொல்லாதீர்கள். நல்ல பெண். விதியை மாற்ற அவளுக்கு அதிகாரம் இல்லை. இருந்தும் அவர் மாற்றி மார்க் போட்டபோது பன்னிரண்டு நாள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். யார் எது கேட்டாலும், நீங்க எங்க இருந்தீங்க என்கிற மாதிரி பதிலுக்கே அவர் மார்க் போட்டார். மற்ற இருபத்தொரு பேர் போட்டதோடு அவருடையது ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாத மார்க்கை மிஷின் பக்கம் விடவே மாட்டார்கள், ஒதுக்கித் தள்ளிவிடுவார்கள் என்று அவள் கடைசியில் சொன்னாள். அதாவது அவர் கெடுத்தது உள்ளே நின்றது, திருத்தியது வெளியே போனது. அன்றைக்கே வேலையை விடுகிறேன் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்களாம்! அந்தப் பெண் டயர் கடை வாசல் வரைக்கும் கூட வந்தாள். இங்கே நடந்ததை வெளியில் யாரிடமும் சொல்லக் கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைவுபடுத்தினாள். ஒருவரிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார் அவர். அவள் திரும்பிப் படியேறினாள்.

இந்தத் தெரு அவரை ஏசிக் களைத்ததெல்லாம் அதற்கப்புறம் வந்த பத்து நாளில்தான். கையெழுத்துப் போட்டவர் வாயைத் திறந்து என்ன பதில் சொல்வார்? பின்னறையில் உட்கார்ந்து அவளுக்குக் கடிதம் எழுதினார். எழுதினார், கிழித்தார், எழுதினார். அவருடைய பயம் இதுதான்: என்றைக்காவது ஒருநாள் அவளே ஏதாவது கஷ்டத்தில் அந்த மிஷினிடம் பேசப் போவாள். தன் பேச்சையே கேட்பாள், அது தன் புருஷனைப் போன்றவர்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும். அதற்குள் அவளுக்குத் தெரிய வேண்டும், அதுவும் அவர் வாயால் தெரிய வேண்டும்.

எட்டாவதோ ஒன்பதாவதோ கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினார். அக்கா பாவாடை மடிப்புக்குக் குத்தின ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே கேட்டாள். விஷயம் முழுதும் அவளுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். படித்து முடித்தபோது அவள் ஊசி உருவுவதை நிறுத்தியிருந்தாள்.

"நல்லா இருக்குடா. அதான் பயமா இருக்கு."

அவருக்குப் புரியவில்லை.

"அந்தத் தழும்பு வர்ற இடத்துல ரெண்டு தடவ நிறுத்திப் படிச்ச. உனக்கே பிடிச்சிருக்கு அந்த இடம். இதை அனுப்பினா, மறுபடியும் எழுதிட்டியான்னுதான் கேப்பா."

அவர் காகிதத்தை மடித்தார். அக்கா விடவில்லை. அவளுக்கும் இறக்கிவைக்க ஒன்று இருந்தது.

"அவ பெட்டியத் தூக்கிட்டுப் போறப்ப நான் வழியில பாத்தேன். நில்லுன்னு ஒரு வார்த்த சொல்லல. என் தம்பி மேல தப்பில்லன்னு சொன்னேன். உன் மிஷினுக்கு முன்னாடி நான்தான் சொன்னது."

"நீ அக்கா. நீ அப்படித்தான் சொல்லுவ."

"அவளுக்கு அக்கா இல்லையே."

சாயங்காலம் அக்காவின் வீட்டுக்காரரிடம் அவர் பஸ் விவரம் கேட்டார். அவள் இப்போது வேலை செய்கிற அச்சகம் ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. பழைய டிரைவர் அல்லவா, எந்த நிறுத்தத்தில் டீ நன்றாக இருக்கும், எந்த இடத்தில் ரோடு குலுக்கும், பின்சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்தால் குடல் வாய்க்கு வரும் என்பது வரைக்கும் சொன்னார். கடைசியில்தான் கேட்டார்.

"போய் என்ன பேசப் போற?"

"ஒண்ணும் தயார் பண்ணல மாமா."

"அவ கதவத் தொறக்காட்டி?"

"வெளியில நின்னு சொல்லிட்டு வருவேன்."

"கேக்க மாட்டேன்னா?"

மன்னிப்புக் கேட்கப் போகிறாய் என்றால் போகாதே, அது உனக்காகப் போவது என்று உள்ளேயிருந்து அக்கா சொன்னாள். அதுவும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. தனக்காகவா அவளுக்காகவா என்று அவரால் அன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு, தெருவில் இத்தனை பேர் பார்க்கக் கிளம்பினார். ஒரு தோள்பை. அக்கா பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். அவர் செருப்பை மாட்டினார், கழற்றினார், உள்ளே வந்து ஒன்றும் எடுக்காமல் திரும்பப் போய் மாட்டினார். போய்ட்டு வரேன் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, சொல்லாமல் கதவை வெளியிலிருந்து அவரே சாத்தினார்.

அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்து காலை மிதியில் வைத்தாள், அழுத்தவில்லை. படியில் செருப்புச் சத்தம் ஒரு மாடி இறங்கியது. அங்கே நின்றது. வெகுநேரம் நின்றது. கூப்பிடட்டுமா என்று வீட்டுக்காரர் கண்ணால் கேட்டார். அக்கா வேண்டாமென்று தலையசைத்தாள். அப்புறம் சத்தம் மறுபடி கேட்டது, கீழ்ப்பக்கமாக.